காலுக்கு ஒரு காலர்!



தூத்துக்குடி வெயில்ல உப்பே தானா விளையுது. இந்த ஊர்ல உக்காந்துகிட்டு கம்பளிச் செருப்பு, அதுக்கு மேல பின்னல் பட்டைனு பேசினா, ‘இவனுக்கு மண்டை காய்ஞ்சு போச்சு’னுதானே நினைப்பீங்க? கொஞ்சம் பொறுங்க. மெர்ச்சன்ட் நேவியில சேர்ந்து குளிர்க் கடல் பக்கம் போற உங்க அண்ணன், எம்.எஸ். படிக்க டொராண்டோ போற சீனியர் அக்கா, கொடைக்கானல் ஹாஸ்டல்ல நடுங்கற தங்கச்சி... லிஸ்ட் போட்டா ஒரு பஸ் நிறையும். குளிர் நாட்டு வீடுகள்ல வெளிச் செருப்பை வாசல்லயே கழட்டிட்டு, உள்ளே மெத்துனு ஒரு செருப்பு போட்டுக்கறது சாதாரண வழக்கம். அவங்களுக்கு நீங்க உங்க கையாலயே ஒரு ஜோடி செஞ்சு அனுப்பினா எப்படி இருக்கும்? செமையா இருக்கும்ல!

அதனால இந்த வாரம் ‘ஃபெல்ட்’ செருப்பு. அதுலயும் முக்கியமா, அந்தச் செருப்போட வாய்ல பின்னிச் சேர்க்கற கணுக்கால் பட்டை. செருப்பு செய்யறது பாதி வேலை. அது கால்லயே நிக்கணுமே... அது இந்தப் பட்டை கையிலதான் இருக்கு. கடைசியில கொஞ்சம் காசுக் கணக்கும் பேசுவோம். அதை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க.

விளைமீனும் செம்மறி ஆடும்

ஃபெல்ட்னா என்ன? நெசவு கிடையாது, பின்னலும் கிடையாது. கம்பளி இழைகளைச் சும்மா அடுக்கி, சூடான சோப்புத் தண்ணி ஊத்தித் தேய்ச்சுத் தேய்ச்சு ஒண்ணோட ஒண்ணு சிக்க வைக்கறது. அவ்வளவுதான். காஷ்மீர்ல ‘நம்தா’னு ஒரு விரிப்பு செய்வாங்களே, அது இதுதான். ரஷ்யாவுல பனியில நடக்கற ‘வாலென்கி’ பூட்ஸ், மங்கோலியாவுல கூடாரத்து மேல போர்த்தற கனத்த போர்வை, எல்லாம் ஒரே குடும்பம்.

எப்படிச் சிக்குதுனு கேட்டா, நம்ம கடற்கரைப் பசங்களுக்குச் சட்டுனு புரியும். விளைமீனைத் தலையில இருந்து வால் பக்கமா தடவினா வழுக்கும். வால்ல இருந்து தலைக்குத் தடவினா செதில் கையைக் குத்தும். கம்பளி இழை மேலயும் அதே மாதிரி குட்டிக் குட்டிச் செதில் இருக்கு. மைக்ராஸ்கோப்புல பார்த்தா தெரியும். சூட்டுலயும் சோப்புத் தண்ணியிலயும் அதைத் தேய்க்கறப்போ இழைகள் ஒரு பக்கமாவே நகரும். திரும்பி வர முடியாம செதில் தடுக்கும். நகர்ந்து நகர்ந்து இறுகிடும், சுருங்கிடும். அப்புறம் நீங்க என்ன தலைகீழா நின்னாலும் பிரிக்க முடியாது. அம்மாவோட ஸ்வெட்டரைச் சுடுதண்ணியில துவைச்சு, பொம்மைக்குப் போடற சைஸ்ல எடுத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும்!

‘அப்போ நம்ம மாவட்டத்து ஆட்டு முடியில செய்யலாமா?’னு ஒரு கேள்வி வரும். விளாத்திகுளம் பக்கத்துல இருக்கற வேம்பூர், ஒரு செம்மறி ஆட்டு இனத்துக்கே தன் பேரைக் கொடுத்த ஊர். வெள்ளை உடம்புல செம்பழுப்புத் திட்டுத் திட்டா, உயரமா இருக்குமே, அந்த ஆடு. ஆனா அதுக்கு இருக்கறது குட்டை முடி, கம்பளி இல்லை. இந்த வெயிலுக்கு ஏத்த உடம்பு அது. ஃபெல்ட்டுக்கு ஆகாது. தமிழ்நாட்டுல நயமான கம்பளி தர்றது நீலகிரி ஆடு. ஊட்டிக்குப் பக்கத்துல சாண்டிநல்லாவில அதுக்குனு கால்நடைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையமே இருக்கு. நமக்குத் தேவை சீவின, நூலா முறுக்காத கம்பளி. கைவேலைச் சாமான் விக்கற கடைகள்ல கேளுங்க. ‘மெஷின்ல துவைக்கலாம்’னு லேபிள் ஒட்டின கம்பளி மட்டும் செருப்புக்கு வேண்டாம். அதுல செதிலை மழுங்கடிச்சிருப்பாங்க, இறுகவே இறுகாது. (அந்த நூலைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னால அதுக்கு ஒரு வேலை இருக்கு.)

செருப்பு செய்யற முறை சுருக்கமா... உங்க பாதத்தை விட மூணுல ஒரு பங்கு பெருசா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் பாத வடிவத்துல வெட்டுங்க. அதைச் சுத்தி ரெண்டு பக்கமும் கம்பளியை மெல்லிசா, ஒரு அடுக்கு நீளவாட்டுல, அடுத்தது குறுக்குவாட்டுல, இப்படி நாலஞ்சு அடுக்கு போடுங்க. சூடான சோப்புத் தண்ணி தெளிச்சு, முதல்ல பூ மாதிரி தடவி, இழை பிடிச்சதும் நல்லா தேய்ச்சு, பழைய பாயில சுருட்டி உருட்டுங்க. வாய் வெட்டி ஷீட்டை உருவி எடுத்துட்டு, கால்ல பாலித்தீன் கவர் மாட்டி, செருப்பை அது மேல போட்டு, உங்க அளவுக்கு வர்ற வரைக்கும் தேய்ச்சுச் சுருக்குங்க. சோப்பு போக அலசி, உள்ளே பேப்பரைத் திணிச்சு நிழல்ல காய வைங்க. நம்ம ஊர் கடல் காத்து ஈரமா இருக்கும், அதனால ரெண்டு நாள் விடுங்க. காய்ஞ்சா சுமார் அரை சென்டிமீட்டர் கனத்துல கட்டியான ஒரு செருப்பு கையில இருக்கும்.

அந்த 10 சென்டிமீட்டர் பிரச்னை

இப்போ டேப்பை எடுங்க. ரெண்டு அளவு எடுக்கணும். ஒண்ணு, கணுக்கால் சுத்தளவு. இன்னொண்ணு, குதிகால் நுனியில இருந்து பாதத்தோட மேல்மேட்டைச் சுத்தி ஒரு சாய்வான வட்டம். பேன்ட் போடறப்போ மாட்டிக்குமே, அந்த இடம். உதாரணத்துக்கு ஒரு காலேஜ் பொண்ணோட கால்ல முதல் அளவு 22 சென்டிமீட்டர், ரெண்டாவது 32னு வெச்சுக்குவோம்.

கால் உள்ளே நுழையணும்னா செருப்போட வாய் சுமார் 32 இருக்கணும். நுழைஞ்சதுக்கு அப்புறம் நழுவாம நிக்கணும்னா 22 இருக்கணும். ஃபெல்ட்டால இந்த ரெண்டும் ஒண்ணா முடியாது. இறுகின துணி அது, இழுத்தா நீளாது. 22-க்கு வெட்டினா கால் போகாது. 32-க்கு வெட்டினா நடக்கறப்போ சட்சட்டுனு குதிகால்ல இருந்து கழண்டு, மாடிப்படியில ஆளைக் கவுத்திடும்.

அந்த 10 சென்டிமீட்டரைச் சமாளிக்கத்தான் பின்னல் பட்டை. பின்னல் துணி முழுக்கக் கண்ணி கண்ணியா கோத்தது. ஒவ்வொரு கண்ணியும் வளைஞ்ச நூல். இழுத்தா நிமிரும், விட்டா பழையபடி வளையும். இறுக்கமா நிக்கறது ஃபெல்ட்டோட குணம்னா, நெகிழ்ந்து கொடுக்கறது பின்னலோட குணம். ரெண்டையும் ஒரு செருப்புல சேர்த்துட்டா வேலை முடிஞ்சுது.

இது ஏதோ வெளிநாட்டு ரகசியம்னு நினைக்காதீங்க. நீங்க போட்டிருக்கற டி-ஷர்ட்டோட கழுத்துப் பட்டையை இழுத்துப் பாருங்க. திருப்பூர்ல அதுக்குப் பேரு ‘ரிப்’. சட்டை உடம்பை விட அந்தப் பட்டை அதிகமா நீளும். தலை போற அளவுக்கு விரிஞ்சு, கழுத்தளவுக்குச் சுருங்கும். நாம காலுக்குப் போடப் போறதும் அதே காலர்தான்.

‘ரிப்’ ஏன் சுருங்குது? பின்னல்ல ரெண்டு வகைக் கண்ணி இருக்கு. ‘நிட்’ முன்பக்கமா தள்ளிகிட்டு நிக்கும். ‘பர்ல்’ பின்பக்கமா உள்வாங்கும். ரெண்டு நிட், ரெண்டு பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டா, துணி ஆர்மோனியப் பெட்டியோட துருத்தி மாதிரி மடிஞ்சு நிக்கும். இழுத்தா மடிப்பு விரியும். மேட்டர் ஓவர்.

பட்டையைச் சேர்க்கறது எப்படி?

தேவையானவை: காய்ஞ்ச செருப்பு ஜோடி, நடுத்தரக் கனமான நூல், 4 மில்லிமீட்டர் கனத்துல ரெண்டு முனையும் கூரா இருக்கற பின்னல் ஊசி ஒரு செட், மொட்டை முனைத் தையல் ஊசி, சாக்பீஸ், ஸ்கேல், செருப்பு தைக்கறவங்க வெச்சிருக்கற குத்தூசி.

பட்டைக்கு எந்த நூல்? தூக்கிப் போட வேண்டாம்னு சொன்னேனே, அந்த மெஷின்ல துவைக்கற கம்பளி நூல். இல்லைனா அக்ரிலிக் நூல். ஏன்னா, செருப்பு சுருங்கி முடிஞ்சாச்சு. பட்டை இனிமே சுருங்கக் கூடாது. பட்டையையும் சேர்த்தே பின்னிட்டு மொத்தமா சுடுதண்ணியில போட்டா, பட்டையும் ஃபெல்ட்டா மாறிடும், அதோட நெகிழ்வு அத்தோட காலி. முதல்ல இறுகவேண்டியது இறுகட்டும், அப்புறம் நெகிழவேண்டியதைச் சேருங்க. இந்த வரிசை மாறவே கூடாது.

1. வாயோட விளிம்புல இருந்து முக்கால் சென்டிமீட்டர் கீழே சாக்பீஸால ஒரு கோடு. அதுல அரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. 32 சென்டிமீட்டர் வாய்க்கு 64 புள்ளி வரும். ரெண்டு நிட், ரெண்டு பர்ல் ஒழுங்கா சுத்தி வரணும்னா எண்ணிக்கை நாலால வகுபடணும். 64 வகுபடும். உங்க அளவுக்கு 62, 63னு வந்தா புள்ளிகளை லேசா நெருக்கி 64 ஆக்கிடுங்க.

2. ஒவ்வொரு புள்ளியிலயும் குத்தூசியால துளை. விளிம்புக்கு ரொம்பப் பக்கத்துல குத்தினா நாலு தடவை போட்டுக் கழட்டறதுக்குள்ள கிழிஞ்சிடும்.

3. பட்டைக்கு வெச்சிருக்கற அதே நூலால சுத்தி ‘பிளாங்கெட் ஸ்டிட்ச்’ போடுங்க. போர்வை ஓரம் பிரியாம இருக்கத் தைப்பாங்களே, அது. ஊசி துளை வழியா வெளியே வர்றப்போ நூல் வளையத்துக்குள்ள புகுந்து வரணும். அப்போ விளிம்பு மேல நூல் ஒரு சங்கிலி மாதிரி வரிசையா படுத்துக்கும். இதுதான் அஸ்திவாரம். ரொம்ப இறுக்காதீங்க, அடுத்த படியில அதுக்குள்ள ஊசி நுழையணும்.

4. அந்த நூல் சங்கிலியோட ஒவ்வொரு இடைவெளியிலயும் பின்னல் ஊசியை நுழைச்சு ஒரு கண்ணி இழுங்க. மொத்தம் 64. ஒரு ஊசியில 20, இன்னொண்ணுல 20, மூணாவதுல 24னு பிரிச்சுக்குங்க. எல்லாமே நாலால வகுபடற எண்ணிக்கை, கணக்குக் குழம்பாது. நாலாவது ஊசிதான் வேலை செய்யற ஊசி. சுத்து ஆரம்பிக்கற இடத்துல வேற கலர் நூல்துண்டு ஒண்ணை அடையாளத்துக்குத் தொங்க விடுங்க.

5. இனிமே ரெண்டு நிட், ரெண்டு பர்ல். சுத்திச் சுத்தி, தையலே இல்லாம. மடிச்சு விடாத பட்டைன்னா 6 சென்டிமீட்டர் போதும். காலர் மாதிரி மடிச்சு விடணும்னா 12. முதல் நாலஞ்சு சுத்து கோணல்மாணலா தெரியும், கண்டுக்காதீங்க. ஆறாவது சுத்துல துருத்தி மடிப்பு தானா எட்டிப் பார்க்கும்.

6. முடிக்கறப்போதான் உஷார். கடைசி வரிசையை இறுக்கி முடிச்சிட்டா பட்டை முழுக்க நெகிழ்ந்தாலும் வாய் நெகிழாது, கால் போகாது. அதனால முடிக்கற வரிசைக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசி எடுத்துக்குங்க, நூலைத் தளர்வா விடுங்க. நூலை வெட்டறதுக்கு முன்னால ஒரு தடவை கால் நுழைச்சுப் பார்த்துடுங்க.

7. எத்தனை கண்ணி, எத்தனை சுத்துனு நோட்டுல எழுதி வைங்க. இன்னொரு கால் பாக்கி இருக்கே!

கடைசியா ஒரு பாதுகாப்பு மேட்டர். டைல்ஸ் தரையில ஃபெல்ட் அடிப்பாகம் வழுக்கும். பழைய சைக்கிள் ட்யூபுல ரெண்டு துண்டு வெட்டி முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் அடியில தைச்சிடுங்க. துவைக்கறப்போ பச்சைத்தண்ணிதான், கையாலதான்.

அறுந்தா என்ன ஆகும்?

மீன்வலையிலயும் கண்ணி, இதுலயும் கண்ணி. ஆனா வலையில ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு இருக்கு. ஒரு இடம் அறுந்தா பக்கத்து முடிச்சு தாங்கிக்கும். பின்னல்ல முடிச்சே கிடையாது. ஒரு கண்ணி அறுந்தா கீழே கீழேனு இறங்கிகிட்டே போகும்.

குறை மாதிரி தெரியுதுல்ல? ஆனா அதுதான் வசதி. செருப்புல முதல்ல தளர்ந்து நைஞ்சு போறது பட்டைதான். நைஞ்சதும் நூல்நுனியைப் பிடிச்சு இழுத்தா பிளாங்கெட் தையல் வரைக்கும் சரசரனு பிரிஞ்சு வந்துடும். அந்த அஸ்திவாரத்து மேலயே புதுசா 64 கண்ணி எடுத்துப் பின்னிக்கலாம். ஃபெல்ட்டைப் பிரிக்க முடியாது, பட்டையைப் பிரிக்கலாம். ஒரே செருப்புக்கு மூணு தடவை காலர் மாத்தலாம். ரிப்பேர் பண்ற மாதிரி ஒரு பொருளைச் செய்யறதே இந்தக் காலத்துல பெரிய விஷயம் மக்கா.

இப்போ காசுக் கணக்கு

12 சென்டிமீட்டர் பட்டைக்குச் சுமார் 34 சுத்து வரும். 64 தடவை 34, ஒரு காலுக்கு 2,176 கண்ணி. ரெண்டு காலுக்கு 4,352. புதுசா கத்துக்கற கை நிமிஷத்துக்கு 15 கண்ணி போடும்னு வெச்சா 290 நிமிஷம், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். வெறும் காலருக்கு மட்டும்!

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஸ்டால் போடறவங்களைப் பார்த்திருக்கேன். ‘நூல் விலை இவ்வளவு, அதுக்கு மேல ஒரு அம்பது ரூபாய் லாபம்’னு விலை சொல்லுவாங்க. ‘உன் நேரம்?’னு கேட்டா, ‘அட, சும்மா இருக்கற நேரத்துல டி.வி. பார்த்துகிட்டே பின்னினதுதானே’னு பதில் வரும். இந்த ‘சும்மா இருக்கற நேரம்’ங்கற வார்த்தை இருக்கே, அது ரொம்ப டேஞ்சரான வார்த்தை. ஏன்னு நம்ம தெற்குச் சீமைக் கதையிலயே பார்க்கலாம்.

1819-ல் நாகர்கோவிலுக்கு லண்டன் மிஷன்ல இருந்து மால்ட் தம்பதி வந்தாங்க. மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினாங்க, லேஸ் பின்னவும் கத்துக் கொடுத்தாங்க. லேஸுக்குத் தமிழ்ல ஒரு பழைய பேரு உண்டு, ‘ரேந்தை’. போர்த்துக்கீசிய வார்த்தையில இருந்து வந்தது. திண்டு மேல மாதிரிப் படத்தை விரிச்சு, ஊசிகளைக் குத்தி, குச்சிகள்ல சுத்தின நூலை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னற வேலை அது. கையிருப்பும் வேணும், கண்ணும் வேணும். அப்போ திருவிதாங்கூர்ல அடிமை முறை சட்டப்படியே இருந்த காலம். 1855-லதான் ஒழிஞ்சுது. லேஸ் வித்து வந்த கூலியைச் சேர்த்து வெச்சு, அந்தப் பணத்துல தங்களோட விடுதலையை வாங்கின பெண்கள் அங்கே இருந்தாங்க. படிச்சுப் பாருங்க மக்கா... நூலால விடுதலை வாங்கியிருக்காங்க. அந்தப் பணம் அவங்க கைக்கு வந்ததாலதான் அது நடந்துச்சு.

மால்ட் தம்பதியோட மகள் எலிசா. 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிகிட்டு இடையன்குடிக்கு வந்தாங்க. அந்தத் தேரிக்காட்டுச் செம்மண் ஊர்லயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், லேஸ் வேலை. கால்டுவெல்லை நமக்குத் தெரியும். 1856-ல் திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதினவர். நம்ம கொற்கையில மண்ணைத் தோண்டிப் பார்த்து, அதைப் பத்தி 1877-ல் கட்டுரை வெளியிட்டவரும் அவரேதான். முத்துக்குப் பேர் போன பாண்டியர் துறைமுகம், கடல் பின்வாங்கிப் போய் இன்னைக்கு வயலுக்கு நடுவுல ஒரு கிராமமா இருக்கே, அந்தக் கொற்கை. குழியில பானையும் ஓடும் கிடைக்கும். நம்ம ஊர் ஈரத்துலயும் சூட்டுலயும் துணியும் நூலும் மக்கிப் போயிடும். அதனால, அந்தக் காலத்துல நூல் வேலை செஞ்ச கைகளைப் பத்தி எந்தக் குழியும் நமக்குப் பெருசா சொல்லாது. கைவேலைக்கான மரியாதையை அது செய்யற காலத்துலயே கொடுத்தாகணும். பின்னால தோண்டி எடுத்துக்கலாம்னு விட முடியாது.

முத்துக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மன்னார் வளைகுடாவோட இலங்கைப் பக்கத்துல, 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல நடந்த முத்துக்குளிப்புல, எடுத்த சிப்பியில மூணுல ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூச்சைப் பிடிச்சுக் கடல்ல இறங்கினவங்களுக்கு மூணுல ஒரு பங்கு. ஆனா ஒண்ணு கவனிங்க. அவங்களுக்கு இவ்வளவுனு ஒரு பங்கு பேசி வெச்சிருந்தாங்க. ‘சும்மா இருக்கற நேரத்துல முங்கினதுதானே’னு அவங்களை யாரும் சொல்லலை.

லேஸ் பின்னின பெண்களுக்கு அந்தக் கணக்குகூட எல்லா இடத்துலயும் கிடைக்கலை. ஆந்திராவுல நரசாபுரம்னு ஒரு ஊர். அங்கேயும் மிஷனரிகள் மூலமா வந்த லேஸ் வேலை, பிறகு பெரிய ஏற்றுமதித் தொழிலாவே வளர்ந்துச்சு. மரியா மீஸ்ங்கற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அங்கே போய் ஆராய்ஞ்சு, 1982-ல் ஒரு புத்தகம் எழுதினாங்க. அவங்க கண்டது இதுதான்: வெளிநாட்டுக்குப் போற சரக்கை நாள் முழுக்கப் பின்னின பெண்களை யாரும் தொழிலாளினு சொல்லலை. ‘வீட்டுல இருக்கறவங்க, ஓய்வு நேரத்துல பின்னறாங்க’னு சொல்லிட்டாங்க. ஓய்வு நேர வேலைன்னா கூலி எதுக்கு முழுசா? அதனால வயல் வேலைக்குச் சட்டம் சொன்ன கூலிகூட அவங்களுக்கு வரலை. லாபம் வியாபாரிகள் பக்கம் போச்சு.

நாகர்கோவில்ல விடுதலை வாங்கிக் கொடுத்த அதே லேஸ், நரசாபுரத்துல ஆளைக் கட்டிப் போட்டுடுச்சு. கைத்திறமையில குறையே இல்லை. நேரத்தை யார் எண்ணினாங்க, காசு யார் கைக்குப் போச்சுங்கறதுலதான் வித்தியாசம்.

உங்க விலைச்சீட்டு

அதனால விலை போடறப்போ இப்படிப் போடுங்க. கம்பளி, நூல், ட்யூப் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்னு வெச்சுக்குவோம். செருப்புக்கு 5 மணி நேரம், காலருக்கு 5 மணி நேரம். புதுசா கத்துக்கறவங்கதானேனு மணிக்கு வெறும் 50 ரூபாய் போட்டாலே 500. மொத்தம் 800. இதுக்குக் கீழே வித்தா, வாங்கறவங்களுக்கு உங்க காசையே நீங்க பரிசா கொடுக்கறீங்கனு அர்த்தம். ஃப்ரெண்டுக்குப் பரிசா கொடுக்கறது சந்தோஷம்தான். ஆனா அது பரிசுனு தெரிஞ்சு கொடுங்க, வியாபாரம்னு நினைச்சுக் கொடுக்காதீங்க.

‘கடையில 250-க்குக் கிடைக்குதே?’னு கேப்பாங்க. கேட்கட்டும். மெஷின் செருப்போட விலையில மோதாதீங்க, அதுல ஜெயிக்க முடியாது. உங்ககிட்ட இருக்கறது வேற சரக்கு. அந்த ஆளோட காலை அளந்து, அவரோட 32-க்கும் 22-க்கும் பின்னித் தர்றீங்க. கடைக்காரர் எஸ், எம், எல்னு மூணே காலைத்தான் பார்த்திருப்பார். ரெண்டாவது, உங்ககிட்ட வாங்கினா காலர் நைஞ்சதும் புதுக் காலர் பின்னிக்கலாம். அதுக்குத் தனி விலை சொல்லுங்க. மூணாவது, ஆர்டர் எடுத்துட்டு, நூல் காசை முன்பணமா வாங்கிட்டு வேலையை ஆரம்பிங்க. ஸ்டால்ல இருபது ஜோடி செஞ்சு அடுக்கிட்டு உக்காந்தா, சாயங்காலம் கூட்டம் கலையறப்போ நீங்களே விலையைக் குறைச்சிடுவீங்க.

நாலஞ்சு பேர் சேர்ந்து செய்யறீங்களா? யார் எத்தனை மணி நேரம் உழைச்சாங்கனு ஒரு நோட்டு போடுங்க. ஒருத்தர் ஃபெல்ட், ஒருத்தர் காலர்னு பிரிச்சுகிட்டா, காலர் பின்னறவங்களுக்கு ‘சும்மா ஓரம்தானே’னு குறைக்காதீங்க. கணக்கு பார்த்தோமே, பாதி நேரம் அந்த ஓரத்துலதான் போகுது. செருப்பைக் கால்ல நிக்க வைக்கறதும் அந்த ஓரம்தான்.

பசங்களா, ‘இது பொண்ணுங்க மேட்டர்’னு நழுவாதீங்க. வலை முடையற கைகள்ல நம்ம கடற்கரையில ஆம்பளைக் கையும் உண்டு. திருப்பூர்ல பின்னல் மெஷின் முன்னால எத்தனையோ அண்ணன்மார் நிக்கறாங்க. கண்ணிக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது.

இந்த வார ஹோம்வொர்க் ரொம்ப சிம்பிள். டேப்பை எடுத்து, யாருக்குச் செய்யப் போறீங்களோ அவங்களோட கணுக்காலையும் குதிகால் சாய்வையும் அளந்து நோட்டுல எழுதுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு வட்டம் போடுங்க. அதுக்குப் பக்கத்துல, ஒரு மணி நேர உழைப்புக்கு நீங்க என்ன கேட்பீங்கனு ஒரு எண்ணையும் எழுதுங்க. முதல் எண்ணை டேப் சொல்லிடும். ரெண்டாவதை நீங்கதான் சொல்லணும்... வாயைத் திறந்து சத்தமா சொல்லிப் பழகுங்க!